காதுக்கு எட்டாத கை

கீழ்பென்னாத்தூர்
10.11.1993

அக்காவுக்கு மணி எழுதுவது.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நாங்கள் மூன்று பேரும் சௌகரியம். மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, பிள்ளை ஆதவனுக்குச் சளி விட்டதா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உண்ணாமலையின் பெரிய வாத்தியார் கண்ணாயிரம் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலூரில் ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறதாம். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு வைத்து, நம் மாவட்டத்தில் பத்துப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. "இருபத்தாறு வருஷமா பாடம் நடத்துறேன். இதுவரைக்கும் ஒருத்தரையும் இதுக்கு எழுதச் சொன்னதில்லம்மா. உன் பொண்ணைச் சொல்றேன்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

தமிழை அவளே பார்த்துக்கொள்வாள். கணக்கும் இங்கிலீஷும் நீதான் சொல்லித் தரவேண்டும். நம்மில் காலேஜ் படித்தவள் நீதானே. சனிக்கிழமை காலையில் அவர் கொண்டுவந்து விடுவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவள் பிறந்த தேதி 1.6.83 என்று இருக்கிறது. அந்தக் கணக்குக்கு அவளுக்குப் பதினொரு வயது முடிந்துவிடும், தேர்வு எழுத முடியாது. ஒன்றரை வயது கூட்டி எழுதியிருக்கிறார்கள். முனிசிபாலிட்டியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். ஆனால் அது மட்டும் போதாதாம். அன்றைக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நீ, பதிவேட்டில் கையெழுத்தும் உன்னுடையது. அதனால் நீ வந்து தேதி தவறு என்று எழுதிக் கொடுத்தால் திருத்திவிடலாம் என்கிறார் வாத்தியார். விண்ணப்பத்துக்கு ஜனவரி 12 கடைசி. ஒரு கையெழுத்துதானே, வந்து போட்டுவிட்டுப் போ.

மணிமொழி

*

திருவண்ணாமலை
16.11.1993

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்தது. உண்ணாமலையை அனுப்பு. கணக்கும் ஆங்கிலமும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கேட்கவும் வேண்டுமா?

ஆனால் அவசரப்படாதே என்றும் சொல்லத் தோன்றுகிறது. வேலூர் ஹாஸ்டலில் முதல் மூன்று மாதம் நான் அழுதது உனக்குத் தெரியாது. அப்போது எனக்குப் பதினேழு வயது. இவள் இன்னும் தலைகூடத் தானே பின்னிக்கொள்ளத் தெரியாதவள். நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தே எத்தனையோ பேர் மேலே வந்திருக்கிறார்கள். யோசித்துச் செய்.

தேதி விஷயம். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதுவது வழக்கம்தான். வாத்தியார் தன் இஷ்டத்துக்கு எழுதியதை அவரே திருத்தட்டும். நான் ஏன் தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்? நான் கருவூலத்தில் வேலை பார்க்கிறவள். எழுதிக் கொடுக்கும் காகிதம் எங்கே போகும், யார் கையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தவிர இப்போது லீவு எடுப்பதும் கஷ்டம். தீப நாட்களில் எல்லோருக்கும் வேலை போடுகிறார்கள்.

தீபத்துக்கு அவளை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பு. அவள் பிறந்த வீடு இது, தீபத்தன்று பிறந்தவள் அவள். மொட்டை மாடியிலிருந்து பார்க்கட்டும்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்
5.12.1993

அக்காவுக்கு,

தீபத்துக்கு வந்து உன் வீட்டில் இருந்த நான்கு நாளில் என் பெண்ணுக்கு என்ன செய்தாய்? "ஸ்கூலு இல்லம்மா, ஸ்கூல்" என்று என்னைத் திருத்துகிறாள். நான் தலை பின்னினால், "பெரியம்மா இவ்ளோ இறுக்க மாட்டாங்க" என்கிறாள். நேற்று வேர்க்கடலைச் சட்னி அரைத்தேன். "பெரியம்மா வூட்ல தேங்கா சட்னி" என்றாள். தட்டை அவள் முன்னால் இருந்து எடுத்துவிட்டேன். பிறகு நானே வைத்தேன். பசியோடு படுக்கப் போகக் கூடாது என்பதற்காக வைத்தேன், வேறு ஒன்றும் இல்லை.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்பாய். சரி, பெரிய விஷயத்தைச் சொல்கிறேன்.

கண்ணாயிரம் வாத்தியாரிடம் நீ எழுதியதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா எழுதினேன்? உங்க அக்காதாம்மா ஆறு வயசு முடிஞ்சிட்டுதுன்னு சொன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. குழந்தைக்கு கை காதுக்கு எட்டலை. படிச்ச அம்மா சொல்றாங்களேன்னு எழுதினேன்" என்றார்.

அக்கா, உண்ணாமலை உன் கையில் பிறந்தவள். அன்றைக்கு வீதியெல்லாம் ஜனம். ஆஸ்பத்திரிக்கு வண்டி போக வழியில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளும் நீயும்தான் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். மலையில் தீபம் ஏற்றி, ஊரே அரோகரா என்று கத்தியபோது இவளும் கத்தினாள் என்று நீதானே எல்லோரிடமும் சொல்வாய். இவள் வயதை என்னைக் காட்டிலும் சரியாகச் சொல்லக்கூடியவள் நீ. வாத்தியார் பொய் சொல்கிறாரா? இல்லை என்றால் ஏன் அப்படிச் சொன்னாய்?

இன்னொன்றும் கேட்கிறேன். ஆதவன் கணக்கு நோட்டில் இவள் ஏதோ போட்டுக்கொண்டிருந்தபோது நீ நோட்டைப் பிடுங்கிக்கொண்டாயாமே. "பெரியம்மாவுக்கு என் மேல கோவமாம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

மணிமொழி

*

திருவண்ணாமலை
11.12.1993

மணிக்கு,

ஒரு குழந்தையை வேவு பார்க்கவா என் வீட்டுக்கு அனுப்புகிறாய்? என்ன சமைத்தேன், என்ன பேசினேன், யார் நோட்டை எங்கே வைத்தேன் என்று ஒவ்வொன்றையும் அவள் வாயைப் பிடுங்கிக் கேட்டிருக்கிறாய். தேங்காய்ச் சட்னி அரைத்தது என் குற்றமா?

நோட்டைப் பிடுங்கவில்லை. அது ஆதவனின் வீட்டுப் பாடம். ஆறாம் வகுப்புக் கணக்கு. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு குழாயில் தண்ணீர் வருகிறது, இன்னொன்றில் போகிறது, எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்கிற கணக்கு. அவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கி எழுத ஆரம்பித்தாள். அவனவன் வேலையை அவனவன் செய்ய வேண்டும் என்பதற்காக மூடினேன். அதில் கோபம் எங்கே வந்தது?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, அவருக்குத் தோன்றியதைச் சொல்கிறார். அன்று நீயும் தசரதனும் விதைக் கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டு, நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். உங்கள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை மட்டும் மறந்துவிட்டாய்.

ஆதவனுக்கு அரையாண்டுத் தேர்வு வருகிறது. அது முடியும் வரை உண்ணாமலையை அனுப்ப வேண்டாம். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு என்னால் சமாளிக்க முடியாது.

எழிலரசி

*

(அஞ்சலட்டை)

19.12.1993

அக்காவுக்கு,

வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் படிக்கட்டும், மாமா படித்தாலும் படிக்கட்டும்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் 442. நீ 398. நீ அப்போது காலேஜில் இரண்டாவது வருஷம். "ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல வச்சிப் படிக்க வைக்க எங்கிட்ட என்ன இருக்குது? ஆரம்பிச்சது முடியட்டும்" என்றார் அப்பா. நீ முடித்தாய். அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. நான் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்கிறேன்.

எனக்கு நடந்தது போதும். என் பெண்ணுக்கும் அது உன்னால் நடக்க வேண்டாம். இனி அவளை அனுப்ப மாட்டேன். கையெழுத்துக்கு மட்டும் ஜனவரி 12 வரை பார்ப்பேன்.

மணிமொழி

*

திருவண்ணாமலை
4.1.1994

மணி,

உன் கார்டை முதலில் படித்தவர் உன் மாமாதான். ஒன்றும் கேட்காமல் என் மேஜைமேல் வைத்துவிட்டு ஷட்டரைத் திறக்கக் கடைக்குப் போய்விட்டார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அவரோடு சண்டை போட்டு, அந்தச் சூட்டில் உனக்கும் நாலு வரி எழுதி முடித்திருப்பேன். கேட்காததால் பதினைந்து நாள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

வாத்தியார் சொன்னது உண்மை. நான்தான் சொன்னேன். மறந்து சொல்லவில்லை.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு நாங்கள் உன் வீட்டுக்கு வந்திருந்தோம் அல்லவா? ஒரு நாள் மத்தியானம், தசரதன் கொண்டுவந்து போட்ட உர மூட்டையின் மேல் உன் பெண் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாக்கில் அச்சடித்திருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். 'யூ-ரி-யா.' பிறகு அடுத்த வரி. பிறகு 'நிகர எடை'. நாலரை வயது. யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் ஆதவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு வருஷம் கான்வென்டில் படித்து முடித்தவன். தசரதன் சிரித்துக்கொண்டே, "ஆதவா, நீயும் படிடா. உன்னை விட ஒன்றரை வயசு சின்னவ படிக்கிறா பாரு" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை. நீயும் சிரித்தாய். உன் சிரிப்பில் ஏதோ இருந்தது என்று எனக்குத் தோன்றியது. இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆதவன் 'யூ' என்று சொல்லிவிட்டு நின்றான். அப்புறம் ஒன்றுக்கு வருகிறது என்று ஓடிவிட்டான்.

அந்த 'ஒன்றரை வயசு' என் காதிலேயே இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. நான் அவளை அழைத்துக்கொண்டு போனேன். வாத்தியார் அவளை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது. தலையைச் சாய்த்தாள், தோளைத் தூக்கினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு எக்கினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன வயசும்மா ஆவுது?"

"ஆறு முடிஞ்சுது சார்."

அவர் இன்னொரு முறை அவள் கையைப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேனாவைத் திறந்தார்.

அவ்வளவுதான், மணி. ஆதவனுக்கு ஆறு, இவளுக்கும் ஆறு. ஒரே வயது. இனி யாரும் சின்னவள் படிக்கிறாள் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். காகிதத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுடைய கை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. என் பி.ஏ. பட்டம் அதைப் பொய்யாக்கியது. அப்பா உன்னை நிறுத்திவிட்டு என்னை வாங்க வைத்த பட்டம்.

இந்தத் தேர்வு என்று ஒன்று வரும், அதற்கு வயது பார்ப்பார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. அதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் நவம்பரில் உன் கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேன். ஹாஸ்டலில் அழுவாள் என்று எழுதினேனே, அது அவளுக்காக எழுதியது இல்லை. அந்தத் தொட்டிக் கணக்கை அவள் பாதி போட்டிருந்தாள். சரியாகப் போய்க்கொண்டிருந்தாள். முடித்துவிடுவாள் என்று தெரிந்ததும் மூடினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் வராத மூன்று வாரமாக ஆதவனின் வீட்டுப் பாடக் கணக்கெல்லாம் தப்பு. கூப்பிட்டுக் கேட்டேன். "உண்ணா வந்தாத்தானேம்மா போடுவா" என்றான், பால்காரர் வரவில்லை என்கிற மாதிரி. அதுவரை அவனுக்குக் கணக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று நான் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்த நாள் வர வேண்டும் என்று எழுது. வருகிறேன்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்
7.1.1994

உன் கடிதம் கிடைத்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வா. வீட்டுக்கு வர வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போ.

மணிமொழி

*

திருவண்ணாமலை
12.1.1994

மணி,

நீ பள்ளிக்கூடத்து வாசல் வரை வந்தாய், உள்ளே வரவில்லை. என்னைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

வாத்தியார் வெள்ளைத் தாளை நீட்டினார். 'பிறந்த தேதியை நான் தெரிந்தே தவறாகக் கூறினேன்' என்று எழுதினேன். வாங்கிப் படித்தவர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது! தெரிஞ்சேன்னு எழுதினா இது விண்ணப்பம் இல்ல, வாக்குமூலம். மேல போனா உங்க வேலைக்கும் ஆபத்து, குழந்தை அப்ளிகேஷனும் நின்னுடும். மறதியா சொல்லிட்டேன்னு எழுதுங்க."

"மறதி இல்ல சார்."

"இருந்துட்டுப் போவட்டும்மா. கவர்மெண்டுல மறதிக்கு மன்னிப்பு உண்டு. மத்ததுக்கு என்கொயரிதான்."

அந்தத் தாளைக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். வேறு தாள் கொடுத்தார். 'ஞாபக மறதியால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வயதைத் திருத்தவும் நான் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை அவள் பக்கம் நின்று சொன்னேன் என்பதுதான் வித்தியாசம்.

அப்புறம் அவர் உண்ணாமலையைக் கூப்பிட்டார். "எங்க, காதைத் தொடு பார்க்கலாம்" என்றார். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைப் பிடித்தாள். "நல்லா எட்டுது சார்" என்று சிரித்தாள். வாத்தியாரும் சிரித்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

தாளை அன்றைக்கே அவர் கையில் எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கு வந்து, சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நேற்று விசாரித்தேன். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வு பிப்ரவரி 27. நடுவில் ஆறு சனிக்கிழமை இருக்கிறது. கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அவளை அனுப்புவாயா?

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்
1.3.1994

அக்காவுக்கு,

ஆறு சனிக்கிழமையும் அனுப்பினேன். நீ நல்லவளாகிவிட்டாய் என்று நினைத்து அனுப்பவில்லை. கணக்குச் சொல்லித் தர இங்கே வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு தடவை பஸ் ஏற்றும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வந்தால் முதல் ஒரு மணி நேரம் பெரியம்மா, பெரியம்மா என்றுதான் பேசுவாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

தேர்வு அன்று முதல் பஸ்ஸில் வந்தோம். உன் வீட்டுக்கு வரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். எத்தனை வண்டிகள், எத்தனை அப்பா அம்மாக்கள்! பள்ளிக்கூடத்துக் கேட்டுக்குள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் நீ நின்றதை நான் பார்த்தேன். குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டால் தெரியாது என்று நினைத்தாயா? அந்தப் புடவையை உனக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை நின்றாய். அவர் இரண்டு தடவை "கூப்பிடேன், உங்க அக்காவாண்ட இன்னும் இன்னா கோவம்?" என்றார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் வெளியே வந்ததும் யாரிடம் ஓடுவாள் என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

என்னிடம்தான் வந்தாள். "அம்மா, அந்தத் தொட்டி கணக்கு வந்துச்சும்மா! பெரியம்மா பாதியில நோட்டை வாங்கிட்டாங்களே, அது! குழாய்தான் வேற. அன்னிக்கு பஸ்ல வரும்போதே மீதியை மனசுலயே போட்டுட்டேன்" என்றாள்.

நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். நீ போய்விட்டிருந்தாய்.

மணிமொழி

*

திருவண்ணாமலை
6.5.1994

மணி,

இன்று காலை பதினொரு மணிக்குக் கல்வி அலுவலகத்துப் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். பத்துப் பெயர். ஏழாவது, த. உண்ணாமலை, கீழ்பென்னாத்தூர். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி. சரியான தேதி.

இதை நான் இப்போது, மாலை நான்கு மணிக்கு எழுதுகிறேன். உங்கள் தெருமுனை உரக்கடையின் போன் நம்பர் என் டைரியில் இருக்கிறது. பதினொன்றே காலுக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஆபீஸில் போன் என் மேஜைக்கு நான்கு அடி தூரத்தில்தான் இருக்கிறது. கூப்பிடவில்லை. பில்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டேன். இந்த ஐந்து மணி நேரமும் ஊரில் நம் குடும்பத்தில் இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன்னிடம் சொன்ன மறு நிமிஷம் இது முழுக்க உன்னுடையதாகிவிடும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அதைவிட வெட்கமான ஒன்று. அது பெண்கள் பட்டியல். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமான பட்டியல். எல்லாம் தெரிந்தும், உண்ணாமலை பெயரைப் பார்த்த பிறகும், பத்துப் பெயரையும் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். எந்தப் பெயரைத் தேடினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொறாமை ஒரு தடவை ஒப்புக்கொண்டால் போய்விடும் என்று ஜனவரியில் நினைத்தேன். போகவில்லை. அதோடுதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அது கையை நீட்டும்போது அதன் கையில் பேனாவைக் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். ஜூன் முதல் வாரம் வேலூரில் கொண்டுபோய் விட வேண்டுமாம். ஆதவன் தன் காம்பஸ் பெட்டியை அவளுக்குத் துடைத்து வைத்திருக்கிறான். "அவ போயிட்டா என் கணக்கை யாரும்மா போடுவா?" என்று என்னைத்தான் கேட்கிறான்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்
29.5.1994

அக்காவுக்கு,

பட்டியல் ஒட்டிய மறுநாள் சனிக்கிழமையே உன் கடிதம் வந்தது. கண்ணாயிரம் வாத்தியார் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே உச்சி வெயிலில் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டார். அவருக்குக் கல்வி ஆபீஸில் ஆள் இருக்கிறது. அதனால் நீ வைத்துக்கொண்ட ஐந்து மணி நேரத்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உனக்குத்தான் சாப்பாடு இறங்கியிருக்காது. தெரிந்தும் இத்தனை நாள் உனக்குப் பதில் போடவில்லை. நீயும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தேன்.

உன்னைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறாய். என்னைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது. நீ புரிந்துகொள்வாய், அதனால் சொல்கிறேன்.

தகரப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அவர் பெயின்ட் வாங்கிவந்து அதன்மேல் அவள் பெயரை எழுதினார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. "மணிமொழி பொண்ணு வேலூர் போவுதாம்" என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி கூடத்தில் இருக்கிறதே, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குள் ஏதோ முறுக்குகிறது. பிரிவு என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்றவளுக்கு அப்படித்தானே இருக்கும். முந்தாநாள் அவள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது தெரிந்துவிட்டது. அது பிரிவு இல்லை. வேலூர் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து போயிருக்க வேண்டியது. உன் மேல் இருபது வருஷமாக வைத்திருந்தது, இப்போது அவள் மேல் திரும்பிவிட்டது. என் வயிற்றில் பிறந்தவள் மேல். ஒன்பது வயது.

பொறாமையோடுதான் இருக்க வேண்டும் என்று நீ எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்திருந்தேன். இப்போது பெட்டிக்கு அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளட்டும். அவளுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

வேலூர் பஸ் திருவண்ணாமலையில் எட்டு மணிக்கு. ஜூன் 6. "பெரியம்மா வருவாங்களா?" என்று கேட்டாள். மடித்த துணியை உதறி இன்னொரு முறை மடித்தேன். அப்புறம் வருவாள் என்று சொல்லிவிட்டேன். வந்துவிடு. குடை வேண்டாம்.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்து ஃபாரத்தை நிரப்பினேன். தாயின் கல்வித் தகுதி என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்திலேயே 442 என்றும் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அங்க மார்க் கேக்கலியே. அடிச்சிடும்மா."

அடிக்கவில்லை. மை காயட்டும் என்று ஊதிவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

மணிமொழி